நகர முதல்வரைத் தெரிபவர் யார்?

2025 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் மிகப் பெரிய நகரமாகிய நியூயோர்க்கின் மக்கள், சோஹ்ரான் மம்தானி என்னும் இளைஞரைத் தம் நகர முதல்வராகத் தெரிந்தெடுத்தனர். கம்பாலாவில் இந்திய வழிவந்த பெற்றோர்க்குப் பிறந்த அவர், அந்நகரின் முதலாவது முஸ்லிம் மேயர் என்னும் செய்தி கல்முனைக் கரையோரத்துத் தேநீர்க் கடைகளிற் பல நாள் பேசுபொருளாக இருந்தது. பள்ளிக்கூடத்திலும் அப்பேச்சு நுழைந்தது. பதினோராம் வகுப்பிற் குடியியற் பாடம் நடந்துகொண்டிருக்கையில் மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், நியூயோர்க் மேயரை அங்குள்ள சனங்கள் தெரிந்தார்கள். எங்கள் மேயரைத் தெரிவது யார்?” என்று வினவினான்.

ஒரு வாக்கியத்தில் விடை சொல்ல முயன்றேன், இயலவில்லை. மக்கள் என்று சொன்னால் அது பிழை. சபையின் உறுப்பினர் என்று சொன்னால் சில ஆண்டுகளுக்கு அது சரி, வேறு சில ஆண்டுகளுக்கு அன்று. கட்சியின் செயலாளர் என்று சொன்னால், கேட்போர் நகைப்பர். ஆயினும் நெடுங்காலம் அதுவே சட்டமாயிருந்தது. அவன் கேட்ட அந்நாளிலோ கல்முனைக்கு முதல்வரே இல்லை. வகுப்பறையிற் சொல்லாது விட்ட விடையையே ஈண்டு விரித்துரைக்கப் புகுகின்றேன்.

முதற்கண் பெயரைக் குறித்து ஒரு சொல். மேயர் என்பது ‘பெரியவர்’ என்னும் பொருள் தரும் இலத்தீன் மூலத்தினின்று பிறந்தது. நம்மவர் இதனை நகரபிதா என மொழிபெயர்த்தனர். அச்சொல் செய்தித்தாள்களில் நெடுநாள் ஆட்சி செய்தது. பெண்ணொருத்தி அப்பதவிக்கு வந்த அன்று அது தடுமாறிற்று. 2018 இல் ரோசி சேனநாயக்க கொழும்பின் முதலாவது பெண் மேயராக அமர்ந்தபோது, அவரைப் பிதா என்பதா மாதா என்பதா என எழுதுவோர் திகைத்தனர். முதல்வர் என்னும் சொல் இவ்விடர்ப்பாடு இல்லாதது. தந்தையெனும் உரிமையையும் அது கோரவில்லை. ஆகலின் இக்கட்டுரையில் அதனையே பெரிதும் வழங்குவேன்.

தேர்தல் என்றவுடன் நம் எழுத்தாளர் பலர் உத்திரமேரூருக்கு ஓடிவிடுவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921 ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன என்பது உண்மையே. முப்பது குடும்புகள், முப்பத்தைந்து வயதுக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் உள்ளோர், சொந்த மனையில் வீடுடையோர், முன்னர்ப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டோர். இவ்விதிகளுள் கடைசியானது ஒன்றையே நம் காலத்துக்குக் கொண்டுவந்தால் எத்துணைச் சபைகள் வெறுமையாகும் என்பதை வாசகர் எண்ணிக்கொள்க. ஆனால் அது வாக்கெடுப்பன்று, சீட்டெடுப்பு. குடத்திலிட்ட ஓலைகளுள் ஒன்றைச் சிறுவன் ஒருவன் எடுப்பான். அதனை மக்களாட்சியின் தொட்டில் என்று பாராட்டுவது அன்பின் மிகுதியால் வந்த கூற்று. எனினும் குடவோலை முற்றும் மறையவில்லை. இன்றைய இலங்கைச் சட்டத்தின்படி முதல்வர் பதவிக்கு நின்ற இருவர் சமமான வாக்குப் பெற்றால் திருவுளச்சீட்டே முடிவு செய்கிறது. உள்ளூராட்சிச் சபைகள் சிலவற்றில் அவ்வாறே தலைமை முடிவாகியும் இருக்கிறது.

இனி நம் நாட்டு வரலாறு. கொழும்பு, கண்டி ஆகிய இரு நகரங்களுக்கும் மாநகர சபை அமைக்க வழிசெய்தது 1865 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். 1866 இற் கொழும்புச் சபை கூடியது. அதற்குத் தலைவராக வீற்றிருந்தவர் மேல் மாகாண அரசாங்க அதிபர். உறுப்பினருட் சிலரை வரிசெலுத்தும் வசதி படைத்தோர் தெரிந்தனர். தலைவரை எவரும் தெரியவில்லை. வெள்ளைக்கார உத்தியோகத்தர் ஒருவர் நகரத்தின் தலைவராயிருக்கும் இந்நிலை எழுபது ஆண்டுகள் நீடித்தது. 1931 இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் வயது வந்த ஆடவர் பெண்டிர் அனைவர்க்கும் நாட்டின் சட்டசபைக்கு வாக்குரிமை கிடைத்த பின்னரும், தலைநகரத்தின் சபைக்குத் தெரிவு செய்யப்பட்ட தலைவர் இல்லாதிருந்தது பெரும் முரண்பாடு. அதனை நீக்க 1935 இற் கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்படி 1937 இல் உறுப்பினர் தம்முள் ஒருவரை மேயராகத் தெரிந்தனர்.

அவ்வாறு தெரியப்பட்ட முதல் மேயர் ஒரு தமிழர். வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து. இஃது இக்காலத்தார் பலர் அறியாத செய்தி. அவர் 1931 இற் கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகித் தேர்தல் மனுவினால் அவ்விடத்தை இழந்தவர். 1932 இல் நடந்த இடைத்தேர்தலில் அவர் மனைவி நேசம் சரவணமுத்து அதே தொகுதியில் வென்று அச்சபையில் அமர்ந்தார். கொழும்பின் வடபகுதி வாக்காளருட் பெரும்பாலோர் தமிழரல்லர். அவர்கள் தமிழ்க் குடும்பம் ஒன்றினைத் தேர்ந்த காலமும் இருந்தது. அத்தமிழரை மற்றை இன உறுப்பினர் தம் நகரத்தின் தலையாய நாற்காலியில் இருத்திய காலமும் இருந்தது. பின்னாளிற் கொழும்பு முஸ்லிம் முதல்வர் பலரைக் கண்டது. கணேசலிங்கம் என்னும் தமிழரையும் 1996 இற் கண்டது. தலைநகரம் தன் முதல்வரை இனம் பாராமற் பெற்ற அளவுக்கு நாடு தன் தலைவர்களைப் பெறவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் உறுப்பினரின் பெருந்தன்மை மட்டுமன்று. எந்த ஓர் இனமும் தனித்துச் சபையை ஆளவியலாத கொழும்பின் குடிசன அமைப்பே முதற் காரணம்.

1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் எல்லா மாநகரங்களுக்கும் ஒரே அமைப்பைத் தந்தது. வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர்; உறுப்பினர் கூடி முதல்வரைத் தெரிவர். இம்முறையின் கீழேதான் 1954 இல் லங்கா சமசமாசக் கட்சித் தலைவர் கலாநிதி என். எம். பெரேரா கொழும்பின் முதல்வரானார். யாழ்ப்பாணம் 1949 இல் மாநகரமாகி இம்முறையையே கைக்கொண்டது. வட்டார முறையில் ஒரு நன்மை உண்டு: வடிகால் அடைத்துக்கொண்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று குடிமகன் அறிவான். தீமையும் உண்டு: நாலு உறுப்பினர் கட்சி மாறினால் முதல்வர் மாறுவார், ஆகவே நகரத்தை ஆள்வதிலும் நாலு பேரை ஆள்வதிலேயே முதல்வரின் பொழுது கழியும்.

1977 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் வட்டாரம் ஒழிந்து விகிதாசார முறை வந்தது. 1979 இல் அதன்படி தேர்தல்கள் நடந்தன. பின்னர் விருப்பு வாக்கும் சேர்க்கப்பட்டது. வாக்காளர் கட்சிக்கு ஒரு புள்ளடியிட்டு, அக்கட்சிப் பட்டியலில் மூவர்க்கு விருப்பினைத் தெரிவிக்கலாம். இங்கேதான் நம் மக்கள் பெரிதும் மயங்கினர். பட்டியலில் அதிக விருப்பு வாக்குப் பெற்றவரே முதல்வர் என்று ஊரெல்லாம் நம்பிற்று. சட்டம் அப்படிக் கூறவில்லை. வென்ற கட்சியின் செயலாளர், அல்லது சுயேச்சைக் குழுவாயின் அதன் தலைவர், உறுப்பினருள் எவரைப் பெயர் குறிக்கின்றாரோ அவரே முதல்வர். வழக்கம் ஒன்று, சட்டம் ஒன்று; இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள பிளவில் இரு வியத்தகு நிகழ்ச்சிகள் தோன்றின.

ஒன்று கொழும்பில், 2006 இல் நிகழ்ந்தது. நெடுங்காலம் அந்நகரை ஆண்டுவந்த ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. தலைநகரத்தில் யானைச் சின்னமே இல்லாத தேர்தல்! கட்சி, மூக்குக் கண்ணாடிச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழுவொன்றுக்கு வாக்களிக்குமாறு தன் ஆதரவாளரைக் கேட்டது. அக்குழுவில் இருந்தோர் பெரும்பாலும் அரசியல் அறியாத சாதாரண மனிதர். குழு வென்றது, முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைத்துவந்த உவைஸ் முகம்மது இம்தியாஸ் மேயரானார். வென்றபின் விலகித் தம்மவர்க்கு இடம் தருவரென்று கட்சி எதிர்பார்த்தது. அஃது அவ்வாறு நடைபெறவில்லை. இந்நிகழ்ச்சியை நகைச்சுவையாகச் சொல்வோரே அதிகம். யான் அவ்வாறு கருதவில்லை. முச்சக்கர வண்டி ஓட்டுபவர் முதல்வராவதில் இழிவு யாதுமில்லை. நகரத்தின் குண்டும் குழியும் அவரினும் நன்கு அறிந்தவர் யார்? இழிவெல்லாம், வாக்களித்த இலட்சக் கணக்கானோருள் எவரும் தாம் யாரை முதல்வராக்குகின்றோம் என்பதை அறியாமல் வாக்களிக்க நேர்ந்த முறையிலேயே உள்ளது.

மற்றது கல்முனையில், 2011 ஒக்டோபர் 8 ஆம் நாள் நடந்த தேர்தலையொட்டியது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் பத்தொன்பது இடங்களில் பதினொன்றைப் பெற்றது. அதன் பட்டியலில் அதிக விருப்பு வாக்குப் பெற்றவர் சாய்ந்தமருதைச் சேர்ந்த சிராஸ் மீராசாகிப். கட்சியின் மூத்தவரும் சட்டத்தரணியுமான நிசாம் காரியப்பரும் அதே பட்டியலில் வென்றிருந்தார். யாரை நியமிப்பது? காலத்தைப் பங்கிடுவதென முடிவாகி முதலில் மீராசாகிப் அமர்ந்தார். 2013 இல் அவர் விலகக் காரியப்பர் வந்தார். சட்டப்படி இதில் பிழை ஏதுமில்லை. ஆனால் சாய்ந்தமருது மக்களுக்கு, தாம் புள்ளடியிட்டுப் பெற்றதொன்று தம் கையிலிருந்து எடுக்கப்பட்டதாகவே தோன்றிற்று. கட்சிக்குள் முடித்துக்கொண்ட ஏற்பாடு, ஊருக்கும் ஊருக்கும் இடையே வழக்காகிவிட்டது.

இதனை விளங்கிக்கொள்ளக் கல்முனையின் அமைப்பை அறிதல் வேண்டும். பெயர் ஒன்றாயினும் ஊர் ஒன்றன்று. தெற்கே சாய்ந்தமருது, அதனை அடுத்துக் கல்முனைக்குடி, பின் கல்முனை நகரும் தமிழர் வாழும் பகுதியும், மேற்கே நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு, வடக்கே பாண்டிருப்பு, தறியோசை கேட்கும் மருதமுனை, எல்லையிற் பெரியநீலாவணை. ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். இடையிலுள்ள ஒடுங்கிய மணற்பரப்பில் வீட்டோடு வீடு நெருங்கிக் கிடக்கிறது. ஓர் ஊர் முடிந்து மற்றையது தொடங்குமிடத்தைப் பிறவூரார் காணமாட்டார். உள்ளூர்ச் சிறுவன் வேலியைத் தொட்டுக் காட்டுவான். முற்காலத்தில் இங்கே ஒரு பட்டின சபையும் கரைவாகு வடக்கு, தெற்கு, மேற்கு என மூன்று கிராம சபைகளும் இருந்தன. கரைவாகுத் தெற்கு என்பது சாய்ந்தமருது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் பின் அவை ஒரே சபையாக இணைக்கப்பட்டன. அதுவே பின்னர் மாநகர சபையாகியது. ஆகவே தன் சபையைத் தனக்குத் தரும்படி சாய்ந்தமருது கேட்பது புதியதொன்றைக் கேட்பதன்று, பழையதைக் கேட்பதே என்பது அவ்வூரார் வாதம். பழையபடி நான்காகப் பிரிப்பதாயின் நான்கையும் பிரிக்க, ஒன்றைமட்டும் பிரித்தால் எஞ்சியுள்ளோரின் இன விகிதம் மாறும் என்பது கல்முனைக்குடியார் அச்சம். தமிழர் தம் பிரதேச செயலகத்தை முழுத் தரமுடையதாக்கக் கேட்பது இவற்றோடு பின்னிக்கிடக்கும் மூன்றாவது இழை.

2017 இற் சட்டம் மறுபடி மாறியது. நூற்றுக்கு அறுபது உறுப்பினர் வட்டாரங்களிலும் நாற்பது பேர் விகிதாசாரப் பட்டியலிலும் தெரியப்பட்டனர். நாலிலொரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. விருப்பு வாக்கு நீங்கியது. ஒரு கட்சி சபையில் அரைப்பங்குக்கு மேற்பட்ட இடங்களைப் பெற்றால் அதுவே முதல்வரைப் பெயர் குறிக்கும். பெறாவிடின் உள்ளூராட்சி ஆணையாளர் கூட்டும் முதற் கூட்டத்தில் உறுப்பினர் வாக்களித்துத் தெரிவர். இம்முறையில் 2018 பெப்புருவரி 10 இல் நடந்த தேர்தலில், சாய்ந்தமருது தன் மனத்தைத் திறந்து காட்டியது. பள்ளிவாசலை மையமாகக் கொண்டு எழுந்த சுயேச்சைக் குழு அவ்வூர் வட்டாரங்களில் எல்லாக் கட்சிகளையும் வீழ்த்தியது. சபையில் எவர்க்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. உறுப்பினர் வாக்கெடுப்பில் சட்டத்தரணி ஏ. எம். றகீப் முதல்வரானார். 2020 பெப்புருவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என வர்த்தமானி வெளிவந்தது. சில நாட்களுள் அரசாங்கம் அதனை நிறுத்திவைத்தது. வெடி கொளுத்திக் கொண்டாடிய ஊர் வெடித்தாள் கூட்டி முடியுமுன் செய்தி மாறிவிட்டது எனலாம்.

இப்புதிய முறையின் நொய்ம்மையை யாழ்ப்பாணம் நன்கு காட்டியது. 2018 இல் இம்மானுவேல் ஆனல்ட் அங்கு முதல்வராகத் தெரியப்பட்டார். 2020 டிசம்பரில் அவர் கொணர்ந்த வரவுசெலவுத் திட்டம் இருமுறை தோற்றது. இருமுறை தோற்றால் முதல்வர் பதவி நீங்கியதாகக் கொள்ளப்படும் என்பது சட்டம். அம்மாத இறுதியில் நடந்த வாக்கெடுப்பில் மணிவண்ணன் இருபத்தொரு வாக்கும் ஆனல்ட் இருபது வாக்கும் பெற்றனர். ஒரு வாக்கினால் நகரம் கை மாறியது. நகரத்து மக்கள் எவரும் வாக்களிக்கவில்லை. யாழ்ப்பாணத்து முதல்வர் பதவியைப் பற்றி எழுதுகையில், அதற்காக உயிர் தந்தோரைக் குறியாது செல்லவியலாது. அல்பிரட் துரையப்பா 1975 யூலை 27 இல் பொன்னாலைக் கோயில் வாயிலிற் சுடப்பட்டார். நெடுங்காலத்தின் பின் நடந்த 1998 ஆம் ஆண்டுத் தேர்தலின் மூலம் வந்த சரோஜினி யோகேஸ்வரன் அவ்வாண்டு மே மாதத்திலும், அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரிலும் கொல்லப்பட்டனர். இருபத்தொன்றுக்கு இருபது எனத் தோற்று வீடு திரும்புவது, அவ்வகையில் நோக்குமிடத்து, எத்துணையோ மேலானது.

2023 மார்ச்சு மாதத்திற் சபைகளின் காலம் முடிந்தது. நடைபெறவேண்டிய தேர்தல், பணமில்லையென்று பிற்போடப்பட்டது. அது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என 2024 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் நாள் நாடெங்கும் தேர்தல் நடந்தது. கொழும்பில் 117 உறுப்பினருள் தேசிய மக்கள் சக்திக்கு 48 பேர். பெரும்பான்மைக்குப் பதினொருவர் குறைவு. யூன் 16 இல் நடந்த இரகசிய வாக்கெடுப்பில் அக்கட்சியின் வ்ராய் கெலி பல்தசார் 61 வாக்குப் பெற்று, 54 வாக்குப் பெற்ற ரிசா சரூக்கை வென்றார். அந்தப் பதின்மூன்று வாக்குகள் எவருடையவை? வாக்களித்த உறுப்பினரை அனுப்பிய வட்டாரத்து மக்களுக்கும் அது தெரியாது. இரகசிய வாக்கு குடிமகனுக்குக் காப்பு. பிரதிநிதிக்கு அது மறைவிடம் என்பது என் கருத்து. குடிமகன் தன் வாக்குக்கு எவர்க்கும் கணக்குக் காட்டவேண்டியவன் அல்லன், பிரதிநிதி காட்டவேண்டியவன்.

அதே மே 6 இற் கல்முனை மாநகர சபைக்குத் தேர்தல் நடைபெறவில்லை. எல்லை வழக்கு நீதிமன்றத்தில் இருந்தமையே காரணம்.

முதல்வரை மக்களே நேரடியாகத் தெரிந்தால் இவ்விடர்களெல்லாம் தீருமே என்று எவரும் கேட்பர். தமிழகத்தின் அனுபவத்தை முதலிற் காண்போம். சென்னை மாநகராட்சி 1688 இல் தோன்றியது, இந்தியாவிற் பழமையானது. இக்காலத்து மேயர் பதவி 1933 இல் வந்தது. ராஜா சர் முத்தையா செட்டியார் முதல்வராயினார். உறுப்பினர் தெரியும் ஓராண்டு மேயர்களே நெடுங்காலம் இருந்தனர். 1973 இற் சபை கலைக்கப்பட்டது. அதன்பின் 1996 வரை தேர்தலே இல்லை. இருபத்துமூன்று ஆண்டுகள்! பட்டணத்தை உத்தியோகத்தரே ஆண்டனர். 1996 இல் மக்கள் நேரே வாக்களித்து மு. க. ஸ்டாலினைத் தெரிந்தனர். 2006 இல் மீண்டும் உறுப்பினர் தெரியும் முறை. 2011 இல் மீண்டும் நேரடி முறை, சைதை துரைசாமி வென்றார். பின்னரும் சட்டம் முன்னும் பின்னுமாகத் திரும்பி, 2022 இல் உறுப்பினர் தெரிவாக ஆர். பிரியா அமர்ந்தார். ஆட்சியிலிருப்போர்க்கு எம்முறை இலாபமோ அம்முறையே சட்டமாயிற்று. முறையின் நன்மை தீமைகளை ஆராய்ந்து எவரும் மாற்றினாரெனத் தோன்றவில்லை.

அமெரிக்காவின் நிலை வேறு. நியூயோர்க்கிலும் தொடக்கத்தில் மக்கள் முதல்வரைத் தெரியவில்லை. மாநிலத்தின் நியமனக் குழு நியமித்தது. 1820 களில் நகர அவை தெரிந்தது. 1834 இலிருந்தே மக்கள் நேரடியாக வாக்களிக்கின்றனர். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் அம்முறை மாறவில்லை. ஆனால் நேரடித் தேர்தல் நோயனைத்தையும் தீர்க்கும் மருந்தன்று என்பதற்குச் சிக்காகோ சான்று. அங்கே 1983 இல் ஹரல்ட் வாஷிங்டன் முதலாவது கறுப்பின மேயராக மக்களாற் தெரியப்பட்டார். ஐம்பது வட்டாரங்களைக் கொண்ட நகர அவையில் இருபத்தொன்பதின்மர் அவரை எதிர்த்து அணி திரண்டனர்; அவருடன் நின்றோர் இருபத்தொருவர். அவையின் தீர்மானங்களை மேயர் தடுப்பார். அத்தடையை மீறப் போதிய தொகை எதிரணியிடம் இல்லை. மேயரின் நியமனங்களை அவர்கள் நிறுத்துவர். மூன்றாண்டு இவ்வாறு கழிந்தது. சபைச் சண்டை என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. முடிவு எங்கிருந்து வந்தது? வட்டார எல்லைகளிலிருந்து. சிறுபான்மையினரின் வாக்கை நலிவிக்கும் வண்ணம் எல்லைகள் வகுக்கப்பட்டன என்னும் வழக்கின் விளைவாக, 1986 இல் ஏழு வட்டாரங்களில் மறுதேர்தல் நடந்தது. அவை இருபத்தைந்துக்கு இருபத்தைந்தாகியது. தீர்க்கும் வாக்கு மேயருடையதாயிற்று. மறுவருடம் நவம்பரில் அவர் தம் அலுவலகத்திலேயே மாரடைப்பால் இறந்தார். எல்லை வகுப்பதை எழுதுவினைஞர் வேலை என்று அலட்சியம் செய்வோர் சிக்காகோவின் கதையை ஒருமுறை படிப்பாராக.

நியூயோர்க்கோ கல்முனைக்கு இன்னும் நெருங்கிய உறவுடையது. இவ்வாறு சொல்வதைக் கேட்டு நகைக்க வேண்டா. இன்றைய நியூயோர்க் ஐந்து பகுதிகளின் கூட்டு. 1898 சனவரி முதலாம் நாளிலேயே அவை ஒரு நகரமாயின. புரூக்ளின் அதுவரை தனி நகரம். 1894 இல் இணைப்பைப் பற்றி அங்கு வாக்கெடுத்தபோது, ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் 277 வாக்கு வேறுபாட்டிலேயே இணைப்பு வென்றது. பெரும் பிழை என்று புரூக்ளின் முதியோர் அதனைப் பல காலம் சொல்லிப் புலம்பினர். ஐந்தனுள் குடித்தொகையிற் சிறியதாகிய ஸ்ரேற்றன் தீவு, தன் குப்பைக்கிடங்கும் தன் புறக்கணிப்பும் கண்டு சினந்து, 1993 இற் பிரிந்துபோக வாக்களித்தது. நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் ஆம் என்றனர். மாநிலச் சட்டமன்றம் அதனை ஏற்கவில்லை. தீவு இன்றும் நியூயோர்க்கின் பகுதியே. சாய்ந்தமருதின் வழக்கை அறிந்தோர்க்கு இதன்மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒன்றுமட்டும் குறிப்பிடுவேன்: ஸ்ரேற்றன் தீவின் வழக்கினால் நியூயோர்க்கில் ஒரு தேர்தலும் நிறுத்தப்படவில்லை.

2025 இன் தேர்தலில் நாம் உற்றுநோக்க வேண்டியது வென்றவரின் மதமன்று, அவர் வந்த வழி. அங்குக் கட்சியின் வேட்பாளரைச் செயலாளர் நியமிப்பதில்லை. கட்சியிற் பதிந்துகொண்ட வாக்காளரே தெரிவர். 2019 இல் மக்கள் தீர்ப்பால் ஏற்கப்பட்டு 2021 இல் முதன்முதல் வழங்கிய விதிப்படி, அவ்வாக்காளர் ஐவர்வரை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்தலாம். எவரும் பாதியைத் தாண்டாவிடின் கடைநிலையார் நீக்கப்பட்டு அவர்க்கு வாக்களித்தோரின் அடுத்த விருப்பு எண்ணப்படும். நம் சனாதிபதித் தேர்தலில் மூவர்க்கு இலக்கமிடும் முறையை இது ஒத்தது. 2024 இல் நாமும் முதன்முறையாக இரண்டாம் விருப்பை எண்ணினோம். யூன் மாதத்து உட்கட்சித் தேர்தலில் முன்னாள் ஆளுநர் அன்ட்ரூ கூமோவை மம்தானி இவ்வகையிலேயே வென்றார். முஸ்லிமாகிய அவரும், யூதராகிய பிரட் லாண்டர் என்னும் போட்டியாளரும், “எனக்கு முதல் இடம், அவருக்கு இரண்டாம் இடம்” என்று தத்தம் ஆதரவாளரைக் கேட்டு ஒருங்கே மேடையேறினர். இரண்டாம் விருப்புக்கு மதிப்புள்ள இடத்தில் எதிரியையும் ஏச இயலாது. அவனுடைய அயலவனிடம் நாளை வாக்குக் கேட்க வேண்டுமல்லவா? கூமோ சுயேச்சையாக நவம்பரில் மீண்டும் நின்றார். இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். 1969 இன் பின் அத்துணைப் பேர் வாக்களித்ததில்லை. பாதிக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளால் மம்தானி வென்றார்.

இம்முறையைக் கல்முனைக்கு அப்படியே கொணர்வதா? வெறும் நேரடித் தேர்தலை யான் அஞ்சுகின்றேன். ஒருவனுக்கு ஒரு புள்ளடி என்றால், ஒவ்வோர் ஊரும் தன் மகனையே நிறுத்தும். தொகையாற் பெரிய ஊர் வெல்லும். பாண்டிருப்பும் பெரியநீலாவணையும் வாக்குச்சாவடிக்குச் செல்வதும் செல்லாததும் ஒன்றாகும். இலண்டன் மாநகரில் 2000 ஆம் ஆண்டு முதல் இருவிருப்பு முறை இருந்தது. சாதிக் கான் 2016 இல் அம்முறையில் வந்தவர். பின் அதனை நீக்கி 2024 இல் ஒற்றை வாக்காக்கினர். அங்கே அது பொருந்தலாம். இங்கே இரண்டாம் விருப்பு இன்றியமையாதது. சாய்ந்தமருதின் வேட்பாளர் மருதமுனைத் தறிக்காரரிடமும், கல்முனைக்குடியார் பாண்டிருப்புத் தமிழரிடமும், “முதல் இலக்கம் உங்கள் ஊரவருக்கே ஆகட்டும், இரண்டாவதை எனக்குத் தாருங்கள்” என்று படியேறிக் கேட்கும் நாள் வந்தால், 1937 இற் கொழும்பு வடக்கில் இருந்த ஒரு நிலை இக்கடற்கரைக்கும் வரக்கூடும்.

இவற்றையெல்லாம் மறுவாரம் வகுப்பிற் சுருக்கிக் கூறினேன். வினவிய மாணவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியென்றால் இப்போது எங்கள் வீட்டுச் சோலைவரிச் சீட்டில் யார் கையெழுத்து, சேர்?” என்றான். வீட்டிலிருந்து சீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். மறுநாட் கொண்டுவந்தான். கையெழுத்து உத்தியோகத்தர் ஒருவருடையது.